நாற்றுமுடிக் காசு

நட்டுக்கொண்டே போனால் இடுப்பு வலி தெரியாது. குனிந்த வாக்கில் சும்மா நிற்கச் சொன்னால்தான் உயிர் போகும் என்பது ராக்காயிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பொழுது ஏறி ஒரு நாழிகைக்கு மேல் ஆகிவிட்டது. பதினெட்டுப் பொம்பளைகளும் கணுக்கால் சேற்றில், இடது கையில் நாற்றுமுடியைப் பிடித்தபடி குனிந்து நின்றார்கள். நடக்கூடாது, நிமிரவும் கூடாது. வரப்பில் மூன்று கால் நாட்டி நிறுத்தியிருந்த படப்பெட்டிக்குப் பின்னால் ஒரு ஆள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேகம் விலகி வெயில் அடித்தால்தான் பெட்டி ஓடுமாம்.

நடுமுதுகில் ஆரம்பித்த வலி தொடை வழியாக இறங்கிக் குதிகாலில் போய் நின்றது. பக்கத்தில் சொர்ணவல்லி தலையைத் தூக்காமலே பேசினாள்.

"ஏத்தா ராக்காயி, நடவுக்குக் கூட்டியாந்தியா, தண்டனைக்குக் கூட்டியாந்தியா?"

"ஆளுக்கு ஒண்ணரை ரூபாடி. ஒம் புருசன் ரெண்டு நாள் மண்ணு வெட்டுனா வருமா?"

"வராதுதான். ஆனா அந்த மனுசன் நிமிந்தாச்சும் நிப்பான்."

வரிசையில் சிரிப்பு ஓடியது. "சிரிக்காதீங்கம்மா, சோகமான சீன்!" என்று வரப்பிலிருந்து படக் கம்பெனி மானேஜர் கத்தினார். அதைக் கேட்டு இன்னும் சிரித்தார்கள்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துச் சின்ன ஊர் அது. கண்மாய்க்குக் கீழே நாற்பது ஏக்கர் வயல், அதில் பாதி ஊர்த் தலைவரான அம்பலக்காரருடையது. நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் ராக்காயியிடம் சொன்னால் போதும். யார் வீட்டில் யார் சும்மா இருக்கிறாள், யாருக்குக் காய்ச்சல், யார் பச்சை உடம்புக்காரி எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கூலியை மொத்தமாக அவள் கையில் கொடுப்பார்கள். வரப்பில் உட்கார்ந்து எல்லார் கண்ணுக்கும் முன்னால் பங்கு பிரிப்பாள். பதினோரு வருஷமாக ஒரு படி நெல் குறைந்தது என்று ஒருத்தி சொன்னதில்லை. அவளுக்கு நிலம் கிடையாது, மாடு கிடையாது. அந்தப் பேர்தான் அவளுடைய சொத்து.

பட்டணத்திலிருந்து சினிமாக்காரர்கள் வந்து அம்பலக்காரர் வயலில் நடவுக் காட்சி எடுக்கப் போகிறார்கள் என்றபோது, லூர்துநாதன் வாத்தியார் வயலுக்கு ஒத்துக்கொண்டிருந்த நடவைக்கூட ராக்காயி இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். "கூலிக்கு நான் பொறுப்பு, வாங்கடி" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

படத்தின் கதையை மானேஜரே சொன்னார். அண்ணன் பெரிய பண்ணை. அண்ணன் பெண்டாட்டி சொன்ன பொய்யை நம்பித் தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் வீட்டை விட்டுத் துரத்திவிடுகிறான். தம்பி நோயில் விழ, அவன் பெண்டாட்டி கூலி நடவுக்கு வருகிறாள்.

"அப்பறம் சேந்துருவாங்களா?" என்று கேட்டாள் அழகி. ராக்காயியின் தம்பி பெண்டாட்டி. கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"சேராம பின்ன? குடும்பப் படம்மா."

"எங்க மாமனாரும் சின்ன மாமனாரும் பன்னெண்டு வருசமா சேரலையே. அவுகளையும் படத்துல சேத்து வச்சிருங்கய்யா."

தம்பி பெண்டாட்டியாக நடித்த பெண் நல்ல மாதிரி. சேற்றில் இறங்கக் கூசவில்லை. அவளுடைய சேலையில் ஒரு கிழிசல் இருந்தது. கிழித்து, மேலே பிரியாமல் இருக்க ஓரம் மடித்துத் தைத்திருந்தார்கள். சொர்ணவல்லி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நமக்கெல்லாம் சும்மா கிழியுது, அவுகளுக்குத் தச்சுல்ல கிழிக்கிறாக" என்றாள். அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மேகம் விலகவில்லை. அந்த நேரத்தில்தான் அண்ணனாக நடிக்கிற பெரிய நடிகர் காரிலிருந்து இறங்கி, பட்டு ஜிப்பாவும் கைத்தடியுமாக வரப்பில் நடந்து வந்தார். கூட்டம் ஓரமாக ஒதுங்கியது.

ராக்காயி யோசித்தெல்லாம் செய்யவில்லை. நடவு வயலுக்குப் புது ஆள் வந்தால் கை தன்னால் செய்கிற காரியம் அது. கரையேறி, கையிலிருந்த நாற்றுமுடியை அவர் காலுக்கு முன்னால் வரப்புக்குக் குறுக்கே வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகி நிமிர்ந்து நின்றாள். மற்றவர்களும் நிமிர்ந்தார்கள். நடிகர் திகைத்துப்போய் நின்றுவிட்டார்.

"ஏய், யாரும்மா அது, தள்ளு தள்ளு!" என்று மானேஜர் ஓடிவந்தார்.

அம்பலக்காரர் குடைக்கடியில் உட்கார்ந்து சிரித்தார். "விடுங்க. இது இந்தப் பக்கத்து வழக்கம். நடவு நடக்கையில புதுசா ஒரு மனுசன் வந்தா, கால்ல முடியை வச்சு மறிப்பாளுக. காசு குடுத்துட்டுத்தான் தாண்டணும். குடுத்தா கொலவை போடுவாளுக. குடுக்காமத் தாண்டுனா அது கடன்."

டைரக்டர் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "இதான்யா சீன்! அண்ணன் வரப்புல வர்றாரு. எவளோ கூலிக்காரி முடியை வைக்கிறா. காசைக் கையில போட்டுட்டு நிமிந்து பாக்கிறாரு. தம்பி பெண்டாட்டி!"

நடிகருக்கும் பிடித்துப்போயிற்று. "பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டே டைரக்டரை நோக்கி நடந்தார். பட்டு வேட்டியின் கரை உரச, முடியைத் தாண்டிப் போனார்.

"ஐயா, காசு" என்றாள் ராக்காயி.

"குடுப்போம் குடுப்போம்" என்றார் மானேஜர்.

அதற்குப் பிறகு ராக்காயிக்கு மதிப்பு ஏறிவிட்டது. முடியை எப்படி வைக்கிறது, எந்தக் கையால் வைக்கிறது, வைத்துவிட்டு எங்கே பார்க்கிறது என்று டைரக்டரே கேட்டுக் கேட்டு அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். "தலையைத் தொங்கப் போடாதீங்கத்தா. இது பிச்சை கேக்கிறதில்லை. நம்ம பாடுபடுற எடத்துக்கு அவுக வந்திருக்காக. நேரா நில்லுங்க" என்றாள் ராக்காயி. டைரக்டர் அதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

கையைத் தனியாக எடுக்கவேண்டும் என்றார்கள். அந்தப் பெண்ணின் கையைப் பார்த்துவிட்டுப் பெட்டிக்காரன் உதட்டைப் பிதுக்கினான். நகத்தில் சாயம் போன அடையாளம், விரல் நீளமாக, வெண்டைக்காய் மாதிரி. "நட்ட கை மாதிரி இல்லையே சார்." ராக்காயியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். ஆட்காட்டி விரலில் அரிவாள் வெட்டு. புறங்கை காய்ந்து வெடித்து, நக ஓரத்தில் சேறு. "இதான்" என்றார் டைரக்டர்.

மேகம் விலகி வெயில் அடித்தது. நிழல் விழுகிறது என்று மற்றப் பொம்பளைகளைக் கண்மாய்க்கரை வேலமரத்தடிக்கு அனுப்பிவிட்டார்கள். ராக்காயி மட்டும் வெயிலில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நடிகர் ஒரு வெள்ளி ரூபாயை உள்ளங்கையில் வைத்தார். அவள் பழக்கத்தில் கையை மூடினாள்.

"மூடாதே! மூடாதேம்மா!"

ஐந்து தடவை எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் வந்து அவள் கையிலிருந்து ரூபாயை எடுத்து, வேட்டியில் துடைத்து, நடிகரிடம் கொடுத்தான். ஐந்தாவது தடவை முடிந்ததும் எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"போய்க் கஞ்சி குடிம்மா" என்றார்கள்.

கஞ்சி குடித்த பிறகு எல்லாரையும் மறுபடியும் வயலில் இறக்கினார்கள். அண்ணன் காசு கொடுத்த கையோடு பொம்பளைகள் எல்லாரும் குலவை போடுகிற மாதிரி ஒரு காட்சி வேண்டுமாம். சத்தம் பிடிக்கிற வண்டி கரையில் தயாராக நின்றது. குலவைக்குச் சொர்ணவல்லிதான். அவள் நாக்கு சுழன்றால் அடுத்த ஊர் ஐயனார் கோயில் வரைக்கும் கேட்கும்.

"போடும்மா" என்றார் மானேஜர்.

"காசு?"

"குடுத்த மாதிரி வச்சுக்க."

"மாதிரிக்கெல்லாம் எனக்கு நாக்கு சொழலாதுங்க. காசைக் குடுங்க, எடுக்கிறேன்."

"என்னம்மா இது, படம் முடியட்டும். கூலி, முடிக்காசு எல்லாத்தையும் சேத்துத் தந்துட்டுத்தான் போவோம்."

"அப்ப கொலவையையும் சேத்து எடுத்துக்கங்க."

மானேஜர் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் வானத்தைப் பார்த்தார். "விடுய்யா, நாயனம் போட்டுச் சரிக்கட்டலாம்" என்றார். பதினெட்டுப் பேரும் வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்கள். பெட்டி ஓடியது.

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. குடையும் பெட்டியும் வெள்ளித்தகடு ஒட்டின பலகைகளும் வேனில் ஏறின. கார் கிளம்பியது. மானேஜர் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நாளைக்குப் புதுக்கோட்டை லாட்ஜுக்கு வந்து வாங்கிக்கம்மா" என்றார். மறுநாள் ராக்காயியும் அழகியும் நடந்தே புதுக்கோட்டைக்குப் போனார்கள். லாட்ஜில் முந்தின ராத்திரியே காலி செய்துவிட்டார்கள் என்றான் வேலைக்காரன். அம்பலக்காரரிடம் போய்க் கேட்டார்கள். "எனக்கு வயல் வாடகைதான் குடுத்தாங்க. ஆள் கூலி ஆளுக்கே குடுத்துர்றோம்னாங்க. நான் என்னத்தச் சொல்ல?" என்று அவர் கையை விரித்தார். மிதிபட்ட நாற்றுக்குப் பதில் நாற்று வேண்டும், அதை எப்போது நட்டுக் கொடுக்கப் போகிறீர்கள் என்றும் கேட்டார்.

ராக்காயி பதினேழு வீட்டு வாசலுக்கும் போனாள். "ஏமாத்திட்டுப் போய்ட்டானுகடி" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று தன் வாயால் சொன்னாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் போயிற்று. அதில் ஒரு ஆடியில், வரிசையில் கிழக்கு ஓரத்தில் நின்று நடுகிற தங்கமுத்து கழிச்சல் கண்டு செத்துப்போனாள். அழகிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாசி மாதம் வல்லத்திராக்கோட்டை டூரிங் டாக்கீஸுக்கு அந்தப் படம் வந்தது.

நோட்டீஸ் வண்டி ஊருக்குள் வந்த அன்றைக்கே ஊர் தலைகால் புரியாமல் ஆடியது. நம்ம வயல், நம்ம கண்மாய், நம்ம ஆள்கள். சோறு பொங்கின கையோடு ஊரே பொழுது சாயக் கிளம்பிவிட்டது. ராக்காயியின் புருஷன் ஆண்டியப்பன் வெளுத்த வேட்டி கட்டி, கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். எதிரில் வந்தவர்களிடமெல்லாம், "எம் பொஞ்சாதி நடிச்ச படம்" என்றான். "ஏ, சும்மா வாயா" என்றாள் ராக்காயி. ஆனாலும் பின்கொசுவத்தை ஒருதரம் சரிசெய்துகொண்டாள்.

கூடாரத்தில் பொம்பளைகள் பக்கம் மணலைக் குவித்து உட்கார்ந்தார்கள். படம் ஓடியது. அண்ணன் பெண்டாட்டி பொய் சொன்னபோது சொர்ணவல்லி திரையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். தம்பி இருமினபோது பக்கத்து ஊர்ப் பொம்பளை ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். அப்புறம் கண்மாய்க் கரை வந்தது.

"ஏ, நம்ம கண்மாய்க் கலுங்குடி!"

"அந்தா வேலமரம்!"

"சொர்ணவல்லி, ஒன் முதுகுடி அது!"

முதுகுதான் வந்தது. பதினெட்டு முதுகுகள். ஒருத்தி முகமும் தெரியவில்லை. "நாள் பூராவும் நிக்க வச்சு முதுகையா பிடிச்சானுக" என்று சொர்ணவல்லி முனகினாள். வெயிலுக்காகக் காத்துக் கிடந்ததெல்லாம் ஒரு கொட்டாவி விடுகிற நேரத்தில் ஓடிப்போயிற்று. நாயனச் சத்தத்தோடு எல்லா முதுகும் நிமிர்ந்தன. அண்ணன் வரப்பில் வந்தார். முடி காலடியில் விழுந்தது. தம்பி பெண்டாட்டி, ராக்காயி சொல்லிக்கொடுத்த மாதிரியே, தலையைத் தொங்கப்போடாமல் நேராக நின்றாள்.

நாயனம் நின்றது. திரை முழுக்க ஒரு கை மட்டும் நீண்டது. அரிவாள் வெட்டு, வெடித்த புறங்கை, நக ஓரத்துச் சேறு எல்லாம் ஒரு வண்டிச் சக்கரம் பெரிசுக்குத் தெரிந்தன. அதில் வெள்ளி ரூபாய் 'டங்' என்று விழுந்தது. அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, நீயா!" என்று கதறினார். கூடாரம் அழுதது. ஆம்பளைகள் பக்கமிருந்து விசில் பறந்தது.

"மதினி, ஒங் கை! மதினி, அது ஒங் கைதானே!" என்று அழகி குதித்தாள். முன்னும் பின்னும் இருந்த பொம்பளைகள் ராக்காயியைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒரு கிழவி எட்டி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ராக்காயி தன் கையை ஒருதரம் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். இந்தக் கைக்கு ஒரு கூடாரமே அழுததே.

பிறகுதான் சொர்ணவல்லியின் முகத்தைப் பார்த்தாள். அவள் அழவில்லை. திரையையும் ராக்காயியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காசு வந்திருக்கே" என்றாள்.

திரும்பி நடக்கையில் ஆளுக்கு ஒரு பக்கமாக நடந்தார்கள். 

விடியற்காலையில் ஆண்டியப்பன் அடுப்படிக்கு வந்து குத்தவைத்தான். மடியை அவிழ்த்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துத் தரையில் வைத்தான். மண் வெட்டின காசு.

"ஊரு பூராவும் அதே பேச்சு. வாங்கியிருந்தா சொல்லிரு. ஒத்த ரூபாதானே. அன்னைக்கு இருந்த கஷ்டத்துல மறந்திருப்பே. பங்கு வச்சுக் குடுத்துரு, சோலி முடிஞ்சுரும்."

"நீயுமா?"

"நான் ஒன்னையச் சொல்லலை. பேச்சு அடங்கட்டும்னு சொல்றேன்."

"வாங்காத காசை நான் குடுத்தா, வாங்குனதா ஆயிரும்யா. எடுத்து மடியில வையி."

அன்றைக்கு அம்பலக்காரரின் கிணற்று வயலில் கோடை நடவு. ராக்காயி முந்தின நாளே பதினேழு பேருக்குச் சொல்லியிருந்தாள். தங்கமுத்து இடத்துக்கு அவள் மகள் செவந்தி வருவாள். வழக்கமாகக் கிழக்கே வெளுக்கும்போது எல்லாரும் ஊருணிக் கரையில் கூடுவார்கள். அழகி மட்டும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வருவாளுக மதினி."

"வந்தா வரட்டும்."

பிள்ளையை வரப்பில் துணி விரித்துக் கிடத்திவிட்டு இரண்டு பேரும் வயலில் இறங்கினார்கள். கமலையில் மாடு கட்டி இறைத்த கிணற்றுத் தண்ணீர் பாய்ந்து மண் குழைந்திருந்தது. ராக்காயி முடியை உதறிப் பிரித்து நடத் தொடங்கினாள். இரண்டு ஆள் நட்டு ஒரு வயல் நாலு நாளைக்கும் முடியாது. பிடுங்கின நாற்று அதற்குள் வாடிவிடும். நட்டுக்கொண்டே போனாள். பதின்மூன்று வருஷத்துப் பேர் திரையில் விழுந்த ஒரு வெள்ளி ரூபாயோடு போய்விட்டது. இனி எந்த வீட்டு வாசலில் போய் நின்று ஆளைக் கூப்பிடுவாள்?

வெயில் முதுகைத் தொட்ட நேரத்தில் வரப்பில் காலடிச் சத்தம் கேட்டது. சொர்ணவல்லி முன்னால், மற்றவர்கள் பின்னால். இறங்காமல் நின்றார்கள்.

"நாங்க நடவுக்கு வரலை. கேக்க வந்தோம்" என்றாள் சொர்ணவல்லி.

"கேளு."

"கை நீட்டி வாங்குனதை மூணு ஊரு பாத்துச்சு. அதை இல்லைம்பியா?"

"இல்லைங்கலை. வாங்குனேன். ஒருக்கா இல்லை, அஞ்சுக்கா வாங்குனேன். அஞ்சுக்காவும் ஒரு பய வந்து பிடுங்கிட்டுப் போனான்."

"பிடுங்குனதைக் காணமே படத்துல."

"படத்துல ஒன் மூஞ்சியத்தான் காணோம். அதுக்காக நீ வரலைன்னு ஆயிருச்சா?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டாள். சொர்ணவல்லிக்கு முகம் சிவந்தது.

"பேச்சை மாத்தாதடி. எல்லாத்தையும் கடைசியில தாரேன்னான் அந்த மானேஜரு. தரலை, தரலைன்னு ரெண்டு வருசமா நாங்களும் நம்பிக்கிட்டுக் கெடந்தோம். நேத்துல்ல தெரிஞ்சுச்சு, நாங்க கொலவை போடமாட்டோம்னு நிமிந்து நின்னோம், அதுக்கப்பறம் ஒன் கையில காசு வந்து விழுந்துச்சு. மத்த நடவுக்கும் இப்பிடித்தான் பங்கு வச்சியோ என்னமோ."

ராக்காயி நடுவதை நிறுத்தினாள்.  நிமிர்ந்து, கையிலிருந்த சேற்றை வழித்து எறிந்தாள். 

"இந்தா, நான் ஒண்ணு கேக்கிறேன். நெசத்தைச் சொல்லு. கையை எடுக்கிறோம்னு என்னைய மட்டும் நிறுத்திட்டு ஒங்களை மரத்தடிக்குப் பத்திவிட்டானுகளே, அது கஞ்சிக்கு முந்தியா, பிந்தியா?"

சொர்ணவல்லி பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"முந்தித்தான். மரத்தடியிலதானே கஞ்சி குடிச்சோம். நீ பிந்தி வந்தே. ஒனக்கு நாந்தானே வெங்காயம் உரிச்சு வச்சிருந்தேன்" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

"கொலவை போடச் சொல்லி அந்த மானேஜரு ஒன்கிட்டக் கேட்டது?"

"கஞ்சிக்கு அப்பறம்" என்றாள் சொர்ணவல்லி. சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது.

"காசைக் குடுங்க, எடுக்கிறேன்னு நீ மல்லுக்கு நின்னியே, அப்ப அவன் என்னா சொன்னான்? அந்தா நிக்கிறாளே ராக்காயி, அவ கையில முடிக்காசு குடுத்தாச்சுன்னு சொன்னானா?"

 கிணற்றடியில் கமலை மாடுகள் சரிவில் இறங்கின.

"கொலவைக்கு எம்புட்டுக் கெஞ்சுனான்! குடுத்திருந்தா சொல்லியிருக்க மாட்டானா? நாக்கு நுனியில இருக்கிற பேச்சை விட்டுப்புட்டு, குடுத்த மாதிரி வச்சுக்கன்னு ஏண்டி சொல்றான்?"

"ஆமா" என்றாள் அழகி. "குடுத்த மாதிரி வச்சுக்கன்னான். நானே கேட்டேன்."

"படத்துல கை கடைசியா வருதே" என்று செவந்தி மெல்லக் கேட்டாள். அவள் அன்றைக்கு வயலில் இல்லை. அம்மா சொல்லிக் கேட்டதுதான்.

"அவனுக முன்னாடி எடுத்ததைப் பின்னாடி ஒட்டிக்கிறானுக புள்ளே. கஞ்சியை எந்தப் பக்கம் ஒட்டுவானுக?" என்றாள் ராக்காயி.

 கூட வந்தவர்கள் சொர்ணவல்லியைப் பார்த்தார்கள். தன் வாயால் அன்றைக்கு மல்லுக்கு நின்றதை அவளால் இல்லையென்று சொல்ல முடியாது. அந்தக் கதையை ஊரில் நூறு தடவை சொல்லிப் பெருமைப்பட்டவளே அவள்தான்.

சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினாள். வயலில் இறங்கினாள். ராக்காயி பக்கத்தில் வந்து, அவள் நட்டிருந்த வரிசையை உற்றுப் பார்த்தாள்.

"தள்ளுடி அங்கிட்டு. கோணலா நட்டு வச்சிருக்கே."

"ரெண்டு ஆளா நட்டா கோணாம என்னா செய்யும்? இம்புட்டு நேரம் எங்க போனே?"

"கோவத்துல போனேன்."

"வந்துட்டேல்ல. முடியப் பிடி."

ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். செவந்தி அம்மா நிற்கிற இடத்தில், கிழக்கு ஓரத்தில் நின்றுகொண்டாள். பதினெட்டுப் பேர் வரிசை கட்டியதும் நடவு வேகம் பிடித்தது. மத்தியானத்துக்குள் அரை வயல் பச்சை ஆயிற்று.

பொழுது சாய்கையில் பாதையில் மாட்டுவண்டிச் சலங்கை கேட்டது. அம்பலக்காரர் புது வில்வண்டியில் சம்பந்தி வீட்டாரை உட்காரவைத்துக்கொண்டு டூரிங் டாக்கீஸுக்குப் போகிறார். நேற்றும் போனார். இன்னும் ஒரு வாரத்துக்குப் படம் ஓடுமாம். அவர் வயலைப் பார்ப்பதற்கென்றே ஆலங்குடியிலிருந்து ஆள்கள் வருகிறார்களாம். வண்டி கிணற்றோரம் நின்றது.

"அந்தா, ஓரத்துல நிக்கிறாளே, அவ கைதான் படத்துல வர்றது" என்று சம்பந்தியம்மாளுக்குக் காட்டினார். "ஏ ராக்காயி! இங்கிட்டுத் திரும்பி அந்தக் கையைக் காட்டு புள்ளே, பாக்கட்டும்."

ராக்காயி நிமிரவில்லை.

"கை வேலையா இருக்குங்கய்யா. கூலி வந்ததும் காட்டுறேன்."

"என்னா கூலி?"

"படக்கூலிங்க. ஒங்க வயல்ல நின்னதுக்கு. ஒங்க வீட்டுல வந்து விருந்து சாப்புட்டுப் போனவுகதானே, கடுதாசி எழுதிப் போடுங்க."

அம்பலக்காரர் சிரித்தார். "அதை இன்னுமா நெனப்புல வச்சிருக்கீங்க? போங்கடி. நீங்கல்லாம் வாங்கிட்டதாத்தான் ஊரே பேசுது. படத்துலயே குடுத்தாச்சே!" சம்பந்தியம்மாளும் சிரித்தாள். வண்டி சலங்கை குலுங்க வல்லத்திராக்கோட்டைப் பாதையில் திரும்பியது.

"நாங்க மறக்கலைன்னு அந்தப் படக்காரவுககிட்டச் சொல்லுங்க!" என்று சொர்ணவல்லி வண்டிக்குப் பின்னால் சத்தம் போட்டாள். பதினெட்டுப் பேரும் குனிந்து அடுத்த வரிசையைத் தொடங்கினார்கள்.

ஆளுக்கு ஒன்றரை ரூபாய் வீதம் பதினெட்டுப் பேருக்கு இருபத்தேழு ரூபாய். முடிக்காசு ஒரு ரூபாய். ஆக இருபத்தெட்டு ரூபாய், படக் கம்பெனி கொடுக்க வேண்டிய பாக்கி. செத்துப்போன தங்கமுத்துவின் ஒன்றரை ரூபாயும் அதில் சேர்த்தி.